மாளிகை மர்மப் புதினத்தின் பாத்திர அமைப்பு: தொல்காப்பியக் கூற்று மரபின் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பெரிய இல்லம், அதனுள் ஒரு குற்றம், வெளியேற இயலாத ஒரு சிறு கூட்டம் என அமையும் மாளிகை மர்மப் புதினம் ஆங்கிலத்தில் தோன்றித் தமிழிலும் தடம் பதித்த இலக்கிய வகையாகும். இவ்வகைப் புதினத்தின் பாத்திரங்களைத் தனிமனிதர்களாக அன்றி இல்லத்தில் வகுக்கப்பட்ட இடங்களாகக் காண்பது பயன் தரும் என்பதையும், அவ்விடங்களைப் பிரித்தறியத் தொல்காப்பியம் கூறும் கூற்று மரபு துணைநிற்கும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சொத்துரிமை, புழங்குரிமை, கூற்றுரிமை என்னும் மூன்று அளவுகோல்கள் முன்வைக்கப்படுகின்றன. இல்லத்தில் மிகுதியாகப் புழங்கும் ஏவலரே மிகக் குறைவாகப் பேச இடம் பெறுகின்றனர் என்பதும், மர்மத்தின் நிலைபேறு இவ்விடைவெளியையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதும் இதன் வழிப் பெறப்படும் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மாளிகை மர்மப் புதினம், கூற்று, கேட்போர், முன்னம், ஏவலர், நிலவுக்கல், அந்த நாள், கொலையுதிர் காலம்.

1. முன்னுரை

தமிழில் துப்பறியும் கதைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனை மையமாக வைத்து 1894-இல் வெளியிட்ட கதைகள் இவ்வகையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. அவரைத் தொடர்ந்து ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் பெரும் வாசகப் பரப்பை உருவாக்கினர். பின்னர் தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் தலைமுறைதோறும் வாசகர் நினைவில் நிலைபெற்றனர். எனினும் இப்படைப்புகளைக் குறித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆசிரியர் வரலாறு, வெளியீட்டு வரலாறு, தழுவல் சிக்கல் என்னும் எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றன. பாத்திர அமைப்பு என்னும் நோக்கில் இவற்றை அணுகும் முயற்சி குறைவு.

துப்பறியும் கதைகளில் பாத்திரங்கள் தட்டையானவை, அச்சில் வார்த்தவை, ஆதலின் பாத்திரப் படைப்பு ஆய்வுக்கு ஏற்றவை அல்ல என்னும் கருத்து அதற்கு ஒரு காரணமாகலாம். இக்கருத்து அகப்பாடல்களைப் பயின்றோர்க்கு ஏற்புடையதாக இராது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போரும் பெயரற்ற, வகைமை சார்ந்த மாந்தரே. அவர்களைத் தட்டையானவர் என எவரும் ஒதுக்குவதில்லை. எந்நிலையில் நின்று, எவரிடம், எதைப் பேசுகின்றனர் என்று ஆராய்கிறோம். அதே வினாவை மாளிகை மர்மப் புதினத்திடமும் கேட்க இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஆய்வு எல்லை

வில்கி காலின்ஸ் எழுதிய நிலவுக்கல் (1868), அகதா கிறிஸ்டியின் முதல் புதினமான ஸ்டைல்ஸ் மாளிகை மர்மம் (1920) ஆகிய இரண்டும் ஆங்கில மரபுக்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ்ச் சூழலுக்கு, எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) திரைப்படமும், சுஜாதா குமுதம் இதழில் தொடராக எழுதிய கொலையுதிர் காலம் (1981) புதினமும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திரைப்படம் ஒன்று புதினங்களோடு சேர்க்கப்படுவதற்குக் காரணம், ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரும் தத்தம் கூற்றாகக் கதையை மொழியும் அமைப்பு அதில் தெளிவாக இருப்பதேயாகும். கதை முடிவுகளை மறைக்காமலேயே விவாதம் செல்கிறது.

3. கூற்று மரபு: ஆய்வுக்கு வேண்டிய அளவு

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளாக முப்பத்து நான்கினைக் கூறுகிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகிய நான்கும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதவை. கூற்று பேசுவோர் யார் என்பதையும், கேட்போர் யாரிடம் பேசப்படுகிறது என்பதையும், களன் பேச்சு நிகழும் இடத்தையும் குறிக்கும். பேச்சின் குறிப்பைக் கொண்டு, இன்னார் இன்னாரிடம் இவ்விடத்து இதனைக் கூறினார் எனப் பயில்வோர் உய்த்துணர்வதற்கு வாயிலாவது முன்னம்.

களவில் கூற்று நிகழ்த்துதற்குரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்னும் அறுவர் மேலும் சேரப் பன்னிருவர் ஆவர். ஊரார், அயலார், சேரியோர், நோயின் பக்கம் அறிந்தோர், தந்தை, தமையன்மார் ஆகியோர்க்கு நேர்க்கூற்று இல்லை. அவர்தம் பேச்சைப் பிறர் கொண்டெடுத்து மொழிவதே மரபு. தந்தையும் தமையன்மாரும் இல்லத்தில் அதிகாரம் மிகுந்தவர்கள். ஆயினும் களவு ஒழுக்கத்தில் அவர்கள் குரல் நேரே ஒலிப்பதில்லை. அதிகாரமும் கூற்றுரிமையும் வெவ்வேறானவை என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு விதியும் இங்கு நினைக்கத்தக்கது. அடியோரும் வினைவலரும் அகத்திணைப் புறத்தில் இடம்பெறுதல் விலக்கப்படவில்லை என்று அகத்திணையியல் கூறுகிறது. உரையாசிரியர்கள் இப்புறத்தைக் கைக்கிளை, பெருந்திணை எனக் கொள்வர். ஏவல் தொழில் செய்வோர்க்குக் காதல் உண்டு; ஆனால் அன்பின் ஐந்திணைத் தலைமை அவர்க்கு இல்லை. எவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொள்வது என்பதில் சமூக நிலை ஓர் அளவுகோலாக நின்றமைக்கு இது வெளிப்படையான சான்று. மாளிகை மர்மப் புதினத்திலும் இதற்கு நிகரான ஒரு வரம்பு செயல்படுவதைப் பின்னர்க் காணலாம்.

4. மாளிகையின் பாத்திர இடங்கள்

இவ்வகைப் புதினங்களில் மீண்டும் மீண்டும் வரும் பாத்திரங்களை ஏழு இடங்களாகத் தொகுக்கலாம்.

அ. இல்லத் தலைமை: சொத்தைக் கையில் வைத்திருப்பவர். பெரும்பாலும் இவரே கொலையுண்பவர்.
ஆ. வாரிசுகள்: மக்கள், மாற்றாந்தாய் மக்கள், உடன்பிறந்தார் மக்கள், மறுமணத்தால் வந்த துணைவர்.
இ. அண்டி வாழ்வோர்: துணைப்பெண், செயலர், ஆதரவில் வளரும் இளம்பெண்.
ஈ. விருந்தினர்: சில நாள் தங்க வந்தவர். பழைய தொடர்பு ஒன்றை மறைத்திருப்பவர்.
உ. தொழில்முறையாளர்: மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார்.
ஊ. ஏவலர்: காரியஸ்தர், சமையற்காரி, பணிப்பெண், தோட்டக்காரர்.
எ. துப்பறிவோரும் துணைவரும்: வெளியிலிருந்து வருபவர், அவர் அருகிருந்து கதை சொல்பவர்.

ஸ்டைல்ஸ் மாளிகையில் இவ்வேழு இடங்களும் நிரம்பியுள்ளன. எமிலி இங்கில்தார்ப் இல்லத் தலைவி. ஜான், லாரன்ஸ் என்னும் கேவண்டிஷ் சகோதரர்கள் மாற்றாந்தாய் மக்கள். ஆல்ஃபிரட் மறுமணக் கணவர். எவ்லின் ஹோவர்டும் சிந்தியாவும் அண்டி வாழ்வோர். பாவர்ஸ்டைன் மருத்துவர். டார்க்கஸ் பணிப்பெண். ஹேஸ்டிங்ஸ் விருந்தினராகவும் கதைசொல்லியாகவும் இரு இடங்களில் நிற்கிறார். துப்பறியும் பொய்ரோ பெல்ஜிய அகதி. கொலையுண்டவரின் உதவியால் அவ்வூரில் தங்கியிருப்பவர்.

5. மூவகை உரிமைகள்

இவ்வேழு இடங்களையும் வேறுபடுத்துவன மூன்று உரிமைகள்.

முதலாவது சொத்துரிமை. கொலையால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை இது தீர்மானிக்கிறது. குற்றத்தின் காரணம் இங்கிருந்து பிறக்கிறது. இரண்டாவது புழங்குரிமை. எவர் எந்த அறைக்குள் எந்நேரத்தில் ஐயத்திற்கு இடமின்றிச் செல்லலாம் என்பது இது. குற்றத்தின் வாய்ப்பு இதைச் சார்ந்தது. மூன்றாவது கூற்றுரிமை. எவர் தாமே பேசலாம், எவர் கேட்டால் மட்டும் விடை கூறலாம், எவர் பேச்சு பிறரால் கொண்டெடுத்து மொழியப்படும் என்பதை இது வரையறுக்கிறது. குற்றம் வெளிப்படும் முறை இதனால் அமைகிறது.

இல்லத் தலைமைக்குத் தொடக்கத்தில் மூன்று உரிமைகளும் உண்டு. இறந்தபின் சொத்துரிமை கைமாறுகிறது, கூற்றுரிமை அற்றுப்போகிறது. அதன்பின் அவர் பேச்சு உயிலாக, கிழிந்த கடிதமாக, பிறர் நினைவாக மட்டுமே எஞ்சும். வாரிசுகளுக்குச் சொத்துரிமையும் கூற்றுரிமையும் மிகுதி, புழங்குரிமை அளவானது. ஒருவர் அறைக்குள் மற்றவர் காரணமின்றி நுழைதல் ஐயத்தை எழுப்பும். துப்பறிவோர்க்குச் சொத்துரிமை சிறிதும் இல்லை. ஆனால் எல்லா அறைகளிலும் நுழையவும் எவரையும் பேசவைக்கவும் உரிமை பெறுகிறார். சொத்தில் பங்கில்லாமையே அவரை நம்பத்தக்கவராக்குகிறது.

ஏவலர் நிலை இவை அனைத்தினும் வேறானது. படுக்கை விரிக்கவும், அடுப்பு மூட்டவும், கடிதம் கொணரவும், துணி வெளுக்கவும் அவர் எல்லா அறைகளுக்கும் செல்கிறார். அவர் நுழைவது எவர் கண்ணிலும் நிகழ்வாகப் படுவதில்லை. ஆகவே புழங்குரிமை முழுமையாக அவரிடம் உள்ளது. கூற்றுரிமையோ கேள்விக்கு விடை என்னும் அளவில் நிற்கிறது. வீட்டில் நடந்ததை மிகுதியும் அறிந்தவர் அவர். ஆனால் அறிந்ததைத் தாமாக உரைக்கும் இடம் அவருக்குத் தரப்படவில்லை. மர்மம் பல நாள் நீடிப்பதற்கு இவ்விடைவெளியே முதன்மைக் காரணம். பணிப்பெண்ணிடம் முதல் நாளே உரிய வினா கேட்கப்பட்டிருந்தால் பல புதினங்கள் சில பக்கங்களில் முடிந்திருக்கும்.

6. நிலவுக்கல்: ஏவலர் கூற்றின் இரு நிலைகள்

நிலவுக்கல் இவ்வகைப் புதினத்தின் வரம்புகள் இறுகுவதற்கு முன்னரே எழுதப்பட்டது. ஆதலின் அவ்வரம்புகளை மீறும் இடங்களும் அதில் உள்ளன. 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்ட வைரம் ஒன்று, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வெரிண்டர் குடும்ப இல்லத்தில் ரேச்சல் என்னும் இளம்பெண்ணின் பிறந்தநாளில் அவளிடம் தரப்பட்டு, அன்றிரவே காணாமற்போகிறது. கதை பலர் கூற்றாக விரிகிறது. முதற்பெருங்கூற்று இல்லத்தின் காரியஸ்தரான கேப்ரியல் பெட்டரெட்ஜ் உடையது. ஏவலர் ஒருவர் கதைசொல்லியாக நெடிது பேசுவது இவ்வகையில் அரிது. எனினும் அவர் பேசுவது குடும்பத்தார் ஒருவரின் வேண்டுகோளால். பேசும் பொருள் குடும்பத்தின் மானம். தம் வாழ்வைக் குறித்து அவர் கூறுவன இடைப்பிறவரலாகவே நிற்கின்றன.

அதே இல்லத்தின் பணிப்பெண் ரோசன்னா ஸ்பியர்மேன் இதற்கு நேர் எதிர்நிலை. முன்னர்த் திருட்டுக்குத் தண்டனை பெற்றவள், உடற்குறை உடையவள், இல்லத்து உறவினரான பிராங்க்ளின் பிளேக்கின் மீது ஒருதலைக் காதல் கொண்டவள். அவன் இரவு உடையில் வண்ணக்கறை படிந்திருப்பதைப் பணியினிடையே கண்டு, அவனைக் காக்கும் பொருட்டு அதனை மறைக்கிறாள். மர்மத்தின் திறவுகோல் முழுவதும் அவள் கையில் உள்ளது. ஆனால் அவனிடம் பேச அவளுக்கு இடமில்லை. பேச முயன்றபோதெல்லாம் அவன் கவனிப்பதில்லை. இறுதியில் கடிதம் ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் புதைமணலில் உயிர்விடுகிறாள். இறந்தபின்னரே அவள் கூற்று வெளிப்படுகிறது. அப்போதும் பிளேக் அக்கடிதத்தைத் தானே முழுதும் படிக்க இயலாமல், எஞ்சியதைப் படிக்குமாறு பெட்டரெட்ஜிடம் தருகிறான். கேட்போன் செவி சாய்க்காத கூற்று அது.

அகமரபின் சொல்லில் கூறின், ரோசன்னாவின் காதல் கைக்கிளை. அடியோர் காதலுக்கு அகத்தின் புறத்தே இடம் வகுத்த விதியை இங்கு ஒப்புநோக்கலாம். பிளேக்-ரேச்சல் காதல் கதையின் நடுவில் நின்று மணத்தில் முடிகிறது. ரோசன்னாவின் காதல் கதையின் ஓரத்தில் நின்று சாவில் முடிகிறது. ஆயினும் நடுவிலுள்ள காதலின் முடிச்சை அவிழ்க்கும் செய்தி ஓரத்தில்தான் இருக்கிறது.

தேடுதல் பற்றிய பகுதியும் கருதத்தக்கது. உள்ளூர்க் காவல் அதிகாரி சீகிரேவ் முதலில் ஏவலர்மீதே ஐயம் கொள்கிறார். அவர்கள் மனம் புண்படுகின்றனர். பின்வந்த சார்ஜண்ட் கஃப், இல்லத் தலைவி முதல் கடைநிலைப் பணியாள் வரை அனைவர் உடைகளையும் ஒருசேரச் சோதிக்கலாம் என்கிறார். தலைவி இசைகிறாள், ரேச்சல் மறுக்கிறாள், சோதனை நின்றுபோகிறது. ஏவலர் மறுத்திருந்தால் அம்மறுப்பே குற்றத்தின் சான்றாகியிருக்கும். பேசாதிருக்கும் உரிமையும் கூற்றுரிமையின் ஒரு பகுதி என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

வைரத்தை மீட்க வந்த மூன்று இந்தியப் பார்ப்பனர்க்கு இப்புதினத்தில் தனிக்கூற்று இல்லை. அவர்கள் செயல்களைப் பெட்டரெட்ஜும், வழக்கறிஞர் பிரஃபும், பயணி மர்த்வைட்டும் கொண்டெடுத்து மொழிகின்றனர். பொருளின் உண்மை உரிமையாளர் தரப்பு அவர்கள். சொத்துரிமையின் மூலம் எது என்ற வினாவை எழுப்பும் புதினம், அவ்வினாவைக் கேட்க வேண்டியவர்க்கு நேர்க்கூற்று தரவில்லை. தமிழ் வாசகர் இதனைக் கருத்தில் கொள்ளாமல் கடந்துசெல்ல இயலாது.

7. விதி வகுத்தோர் கருத்து

1920-களின் இறுதியில் இப்புதின வகைக்கு விதிகள் எழுதப்பட்டன. அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன் 1928-இல் இருபது விதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, ஏவலரைக் குற்றவாளியாக்கலாகாது என்பது. அது மிக எளிய தீர்வு என்பதும், குற்றவாளி மதிப்புக்குரிய ஒருவராக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் தரும் காரணங்கள். ஏவலர்க்கு இவ்விதி பாதுகாப்பு அளிப்பதுபோல் தோன்றும். ஆயின் ஐயத்திற்கு உரியவராகும் தகுதியும் ஒரு மதிப்பே என்னும் எண்ணம் அதனுள் உறைகிறது. குற்றம் செய்யக்கூடியவர் என்பதற்கு விருப்பம், திட்டம், மறைவான வாழ்வு ஆகியன உடையவர் என்பது பொருள். அத்தகைய உள்வாழ்வு ஏவலர்க்கு இல்லை எனக் கொள்வதாலேயே விதி அவரை விலக்குகிறது. ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று சீனர் எவரும் கதையில் இடம்பெறலாகாது என்பது. அயலாரை வில்லனாக்கும் மலிவான வழக்கத்தைத் தடுக்க எழுந்த அவ்விதியும் அயலாரைக் களத்தினின்றே நீக்கிவிடுகிறது.

ஸ்டைல்ஸ் புதினத்தில் டார்க்கஸ் பெறும் இடம் இவ்விதிக்கு இயைந்தது. கொலைக்கு முன் தலைவி எவரோடோ சினந்து பேசியதைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டவள் அவள். தலைவி கணவரோடு பேசினாள் என்று அவள் நம்பினாள். உண்மையில் எதிரே நின்றவர் ஜான். அவள் கேட்ட சொற்கள் மெய். அச்சொற்கள் யாரை நோக்கியன என்பதில்தான் பிழை. செய்யுளியல் கேட்போரையும் முன்னத்தையும் தனி உறுப்புகளாகப் பிரித்துக் கூறுவதன் நுட்பம் இவ்விடத்தில் புலப்படும். கூற்று சிதையாமல் கிடைத்தும் கேட்போர் மாறுபட்டால் பொருள் முற்றும் மாறும். பொய்ரோவின் பணியில் ஒரு பகுதி, அகப்பாடலுக்குத் துறை வகுப்போர் செய்யும் பணியை ஒத்தது.

பேசுவோரையே ஐயுறும் நிலையைக் கிறிஸ்டி 1926-இல் வெளியான ரோஜர் ஆக்ராய்டு கொலை பற்றிய புதினத்தில் உருவாக்கினார். கதைசொல்லியான மருத்துவரே அதில் கொலையாளி. கூற்றுரிமை முழுதும் பெற்றவர் அதனைக் கொண்டே மறைக்கவும் இயலும் என்பது அதன் பாடம்.

இவ்வமைப்பு விளையாட்டாகவும் ஆனது. அந்தோணி பிராட் உருவாக்கி 1949-இல் விற்பனைக்கு வந்த குளூடோ பலகை விளையாட்டில் ஐயத்திற்குரியோர் அறுவர். அவர்களுள் சமையற்காரியான திருமதி ஒயிட்டும் ஒருவர். சீட்டு எடுக்கும் விளையாட்டில் அவளும் கர்னல் மஸ்டர்டும் சம வாய்ப்பினர். புதின விதி விலக்கியவளைத் தற்செயலின் விதி சமமாக ஏற்றுக்கொள்கிறது.

8. தமிழ்ச் சூழலில் மாளிகை

தமிழ்நாட்டில் ஆங்கிலேய நிலக்கிழாரின் இல்லத்திற்கு ஏறத்தாழ இணையானது ஜமீன் இல்லம். ஆலங்குளம், இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்திற்கு அணித்தான சேத்தூர், சிவகிரி முதலிய ஜமீன்களின் இல்லங்கள் மக்கள் வழக்கில் அரண்மனை எனப்பட்டன. காரியஸ்தர், கணக்குப்பிள்ளை, சேவகர், பணிப்பெண்டிர் என ஏவலர் அடுக்கு அங்கும் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஜமீன் முறை ஒழிக்கப்படும் வரை வாரிசுரிமை வழக்குகள் அவ்வில்லங்களின் வரலாற்றில் இடம்பெற்றன.

உண்மை நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. சென்னைத் தேனாம்பேட்டை நியூயிங்டன் இல்லத்தில் இளம் ஜமீன் வாரிசுகள் தங்கிப் பயின்றனர். அதன் தலைவரான டி லா ஹே 1919 அக்டோபரில் இரவில் உறங்குகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தென்பாண்டிச் சீமையின் ஜமீன்களைச் சேர்ந்த மாணவர்மீது ஐயம் எழுந்தது. வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையில் முடிந்தது. ஓர் இல்லம், இரவு, துப்பாக்கி, உள்ளிருந்தோர்மீது மட்டும் ஐயம் என மாளிகை மர்மத்தின் கூறுகள் பல இதில் இருந்தன. எல்லோரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி உண்மையைக் கூறும் இறுதிக் காட்சி மட்டும் இல்லை. அக்காட்சி இலக்கியம் தரும் ஆறுதல். நீதிமன்றம் அதனை உறுதியளிப்பதில்லை.

தொடக்கக் காலத் தமிழ்ப் புதினங்கள் மூடிய இல்லத்தை விரும்பவில்லை. ரங்கராஜுவின் இராஜாம்பாள் முதலிய கதைகளில் துப்பறியும் கோவிந்தனும், வடுவூராரின் கதைகளில் திகம்பர சாமியாரும் ஊர் பல கடந்து இயங்குகின்றனர். மாறுவேடம் அவர்தம் முதன்மைக் கருவி. எவரும் எவராகவும் இருக்கலாம் என்னும் உலகில் பாத்திர இடங்கள் நிலையாக நில்லா. ஆகவே ஐயத்தின் வட்டமும் மூடப்படுவதில்லை.

9. அந்த நாள்: ஐவர் கூற்று

சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 1943 அக்டோபர் நாளில் வானொலிப் பொறியாளர் ராஜன் தன் இல்லத்தில் சுடப்பட்டு இறந்துகிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் விசாரிக்கிறார். அயல்வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, தம்பி மனைவி, நடனமாது அம்புஜம், மனைவி உஷா என ஐவர் ஐயத்திற்குரியோர். ஜாவர் சீதாராமன் எழுதிய இத்திரைக்கதையில் ஒவ்வொருவர் கூற்றும் ஒரு நிகழ்வாகக் காட்டப்படுகிறது.

இங்குப் பாத்திர இடங்கள் மாறியுள்ளன. மாளிகை நகரத்து வீடாகிவிட்டது. வாரிசுக் கூட்டம் கூட்டுக்குடும்பமாகச் சுருங்கிவிட்டது. அகமரபில் நேர்க்கூற்று பெறாத அயலார் இங்கே முதன்மைச் சாட்சி. பரத்தைக்குக் கற்பில் கூற்றுரிமை தந்த மரபை நினைவூட்டும் வகையில் அம்புஜமும் பேசுகிறாள். சொத்து வழி எழும் காரணத்தைப் படம் ஐயமாக மட்டும் வைத்து, நாட்டின் இரகசியத்தைப் பகைவர்க்கு விற்ற கணவனைத் தடுக்க முயன்ற மனைவியிடம் முடிவைக் கொண்டு சேர்க்கிறது. கொலையுண்டவன் குற்றவாளியாகவும் கொன்றவள் அறத்தின் பக்கம் நின்றவளாகவும் மாறுவது ஆங்கில மாளிகை மர்மத்தின் ஒழுங்கிலிருந்து விலகுவது.

10. கொலையுதிர் காலம்: வழக்கறிஞரும் ஆவியும்

பெரும் சொத்துக்கு வாரிசான லீனா, அவள் உறவினர் குமாரவியாசன், பழைய பெரிய இல்லம், சூழ்ந்த தோட்டம், அங்கு உலவும் பெண் உருவம் என்று அமையும் இப்புதினம் தமிழில் மாளிகை மர்ம அமைப்புக்கு மிக அணுக்கமானது. இதன் முதன்மை மாற்றம் துப்பறிவோர் இடத்தில் உள்ளது. கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ஆங்கில மரபில் உயில் வாசித்துவிட்டு விலகும் தொழில்முறையாளர் இங்கே துப்பறிவோராகிறார். பாகப்பிரிவினையும் உயில் வழக்கும் குடும்ப இரகசியங்களை வெளியாருக்குத் திறக்கும் சமூகத்தில் இம்மாற்றம் இயல்பானது. சொத்துரிமையை அளக்க வந்தவரே புழங்குரிமையும் கூற்றை வெளிக்கொணரும் உரிமையும் பெறுகிறார்.

இரண்டாவது மாற்றம் ஆவி. பூட்டும் சுவரும் தடையாகாத புழங்குரிமை ஆவிக்கு உண்டு. ஏவலர் கண்ணில் படாமல் புழங்குபவர். ஆவியோ எல்லார் கண்ணிலும் பட்டு அச்சுறுத்துவது. ஹாலோகிராம் என்னும் ஒளியுருவத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கணேஷ் தரும் அறிவியல் விளக்கமும், வசந்தின் மனத்தில் நிற்கும் மறுபக்கமும் ஒன்றையொன்று முற்றும் வெல்வதில்லை. துப்பறிவோரும் துணைவரும் ஒரே முடிவில் ஒன்றும் ஆங்கில மரபு இங்கே தளர்கிறது. துணைவன் கூற்று தலைவன் கூற்றுக்கு அடங்காமல் நிற்கிறது.

11. ஒப்பீட்டின் வரம்பு

தொல்காப்பியம் துப்பறியும் கதைக்கு இலக்கணம் கூறியது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. அகத்தில் மறைபொருள் காதல், இங்கே கொலை. அங்குக் கூற்றுகள் உணர்வை உரைப்பன. இங்கே பெரும்பாலும் செய்தியை உரைப்பன. தோழியும் ஹேஸ்டிங்சும் ஒருவர் அல்லர். ஆயினும் இரண்டு இலக்கியங்களும் வரையறுத்த மாந்தர், வரையறுத்த களன், மறைபொருளின் படிப்படியான வெளிப்பாடு ஆகியவற்றைக் கொண்டவை. இத்தகைய அமைப்பில் மாந்தர் பண்பைவிட எவர் எவரிடம் பேசலாம் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. அந்த அளவில் கூற்று மரபு ஒரு திறனாய்வுக் கருவியாகச் செயல்படும்.

12. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. மாளிகை மர்மப் புதினத்தின் மாந்தர் ஏழு இடங்களில் அமைகின்றனர். சொத்துரிமை, புழங்குரிமை, கூற்றுரிமை ஆகிய மூன்றின் அளவு மாறுபாட்டால் அவ்விடங்கள் வேறுபடுகின்றன.

2. புழங்குரிமை மிகுந்த ஏவலர் கூற்றுரிமை குன்றியவராக வைக்கப்படுகின்றனர். இவ்விடைவெளி மர்மத்தைக் காக்கிறது. ரோசன்னாவின் கடிதமும் டார்க்கஸின் சாட்சியமும் இதற்குச் சான்றுகள்.

3. ஏவலரைக் குற்றவாளியாக்கலாகாது என்னும் விதி அவர்க்கு உள்வாழ்வு இல்லை என்னும் கருத்தின் மேல் நிற்கிறது. அடியோரை ஐந்திணைத் தலைமையினின்று விலக்கிய மரபோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

4. தமிழ்ப் படைப்புகள் இடங்களை அப்படியே ஏற்காமல், அயலார்க்குக் கூற்றும் வழக்கறிஞர்க்குத் துப்பறியும் பணியும் தந்து மாற்றியுள்ளன.

5. ஆயினும் இம்மாற்றங்கள் ஏவலர் இடத்தைப் பெரிதும் தொடவில்லை. அந்த நாளின் கூற்றாளர் ஐவருள் ஏவலர் எவரும் இல்லை.

தமிழ்த் துப்பறியும் புதினங்களில் காரியஸ்தர், சமையற்காரர், காவற்காரர், வேலைக்காரி ஆகியோர் எவ்விடத்தில் பேசுகின்றனர், எவரால் கொண்டெடுத்து மொழியப்படுகின்றனர் என்பதை நூல்தோறும் தொகுப்பது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஒரு சமூகம் தன் வீட்டுக்குள் உழைப்பவர் அறிந்ததற்கு எவ்வளவு செவி கொடுத்தது என்பதை அத்தொகுப்பு காட்டும்.